வலைக்குள் தக்காளி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மாடியில் தக்காளி வளர்ப்பதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியபோது, 'வெயில் காலத்தில் வலை கட்டுவது நல்லது' என்று ஒரே ஒரு வரி சேர்த்திருந்தேன். பெங்களூரின் பல பகுதிகளிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றியவை. அவற்றைப் படித்தபோது குற்றம் என்னுடையது என்று புரிந்தது. எந்த வலை, எதற்காக, எந்த மாதத்தில் என்று சொல்லாமல் 'வலை' என்று மட்டும் எழுதியது பாதி மருந்துச்சீட்டு எழுதியதற்குச் சமம். இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்கிவிட்டேன்.

ஒயிட்ஃபீல்டு வாசகர் ஒருவர்: ஐயா, கடைக்காரர் சொன்னபடி 75 சதவீதப் பச்சை நிழல்வலையை வாங்கி, மொட்டை மாடியில் இரும்புக் குழாய் நட்டு, சென்ற ஜூன் மாதம் கட்டினேன். செடிகள் ஆறடிக்கு மேல் வளர்ந்தன. தண்டு மெலிந்து, இலை வெளிறி, பூக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிட்டன. நான்கு பைகளிலிருந்து கிடைத்தது மொத்தம் பதினோரு பழங்கள். உரம் போதவில்லையா?

உரத்தில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் செடிகளுக்கு வெளிச்சம் போதவில்லை. 75 சதவீத வலை என்றால் நூற்றுக்கு எழுபத்தைந்து பங்கு ஒளியைத் தடுத்து, மீதி இருபத்தைந்தை மட்டுமே உள்ளே விடும் வலை என்று பொருள். அது வெற்றிலைக்கும், ஆந்தூரியத்துக்கும், பெரணிச் செடிகளுக்கும் ஏற்றது. தக்காளியோ நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் நேர்வெயில் கேட்கிற செடி. போதாக்குறைக்கு நீங்கள் வலையைக் கட்டியது ஜூன் மாதத்தில். பருவமழை தொடங்கி, வானம் நாள் முழுவதும் மூடிக்கிடக்கும் அந்த மாதங்களில் பெங்களூரில் வெயிலே அரிதாக இருக்க, வந்த கொஞ்சத்திலும் முக்கால் பங்கைத் தடுத்துவிட்டால், செடி வெளிச்சத்தைத் தேடி உயரத்தான் செய்யும். காய்க்கத் தேவையான மாவுச்சத்தை அது எங்கிருந்து சேர்க்கும்?

தக்காளிக்கு நிழல்வலை தேவைப்படும்போது 35 சதவீதம் போதும். அது கிடைக்காவிட்டால் 50 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதுவும் இந்த ஊரில் மார்ச் நடுவிலிருந்து மே மாதத்தில் கோடை மழை நன்றாகப் பிடிக்கும் வரைதான். காலை வெயிலைத் தடுக்காமல், தலைக்கு மேலும் மேற்குப் பக்கமும் மட்டும் வலையை இழுத்துவிட்டால், பன்னிரண்டு மணி முதல் நான்கு மணி வரை காயும் கடுவெயில் மட்டுப்படும். காயின் தோல் வெந்து வெள்ளைத் திட்டு விழுவதும் நிற்கும். ஆண்டு முழுவதும் கூரை போலக் கட்டிவைக்க வேண்டிய பொருளாக இதை நினைக்காமல், திரைச்சீலை போல இழுக்கவும் சுருட்டவும் கூடியதாக அமைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பச்சை நம் கண்ணுக்குக் குளிர்ச்சி, அவ்வளவே. செடிக்கு அதனால் தனி நன்மை எதுவும் இல்லை. வெள்ளை வலை வெப்பத்தைத் திருப்பி அனுப்புவதோடு, ஒளியைச் சிதறடித்து அடி இலைகளுக்கும் சேர்ப்பதால், கிடைக்குமானால் அதையே வாங்குங்கள். கறுப்பு வலை தானே சூடாகும் என்பதால் அதைச் செடிக்கு அருகில் தாழ்வாகக் கட்டக்கூடாது.

அல்சூர் வாசகி ஒருவர்: மூன்று ஆண்டுகளாக எங்கள் மாடியில் தக்காளி வைக்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் நாற்று நட்ட ஒரு மாதத்துக்குள் குருத்து இலைகள் சிறுத்து, மேல்நோக்கிச் சுருண்டு, செடி குட்டையாக நின்றுவிடுகிறது. வைரஸ் நோய் என்று சொல்கிறார்கள். வீட்டில் பழைய கொசுவலை இருக்கிறது. அதைப் போர்த்தினால் தடுக்க முடியுமா?

அம்மா, உங்கள் கேள்விதான் இந்த ஊர்த் தக்காளியின் உண்மையான கேள்வி. சென்னைக்காரருக்கு வெயில் எப்படியோ, பெங்களூர்க்காரருக்கு இந்த இலைச்சுருள் நோய் அப்படி. இதில் நம் ஊருக்கு வேண்டாத பெருமை ஒன்றும் உண்டு: இந்த நோயை உண்டாக்கும் வைரஸ் இனங்களில் ஒன்றுக்குத் 'தக்காளி இலைச்சுருள் பெங்களூர் வைரஸ்' என்றே அறிவியலார் பெயர் வைத்திருக்கிறார்கள். டெல்லியின் பெயரிலும் ஒன்று இருப்பதால் நாம் தனியாக வெட்கப்பட வேண்டியதில்லை.

இந்த வைரஸ் காற்றில் வருவதில்லை, தண்ணீரில் வருவதில்லை, தொட்ட கையாலும் ஒட்டுவதில்லை. வெள்ளை ஈ என்னும் பூச்சி, நோயுற்ற ஒரு செடியின் சாற்றை உறிஞ்சிய வாயோடு நல்ல செடியில் வந்து உட்காரும்போதே பரவுகிறது. ஒரு முறை நோயை ஏற்றுக்கொண்ட ஈ, தன் வாழ்நாளின் பெரும்பகுதியும் அதைப் பரப்பிக்கொண்டிருக்கும். நோய் உள்ளே புகுந்த செடியைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. பிடுங்கிப் பையில் கட்டி அப்புறப்படுத்துவது ஒன்றே வழி. எனவே ஈ உட்காராமல் தடுப்பதுதான் மருத்துவம். அதற்கு வலையை விடச் சிறந்த கருவி வீட்டுத் தோட்டத்தில் இல்லை.

ஆனால் கொசுவலை போதாது. வெள்ளை ஈயின் நீளமே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். உடலின் அகலமோ அதில் கால் பங்கு. கொசுவலையின் கண்கள் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாக இருக்கும் என்பதால், ஈக்கு அது திறந்த வாசல். இதற்கென்று விற்கப்படும் பூச்சித் தடுப்பு வலையை 'மெஷ்' என்ற கணக்கில் குறிப்பிடுவார்கள். ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண்கள் என்பதே அந்த எண். 40 மெஷ் வலையில் இழையின் தடிப்புப் போக ஒரு கண்ணின் அகலம் கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர் வரும். அது ஈயின் வரவைப் பெருமளவு குறைக்கும். ஆனால் முயன்று நுழையும் ஈயும் உண்டு. 50 மெஷ் அதைவிட நெருக்கமானது. அதற்கும் மேலே போனால் காற்று வராமல் உள்ளே புழுங்கும் என்பதால், மாடித் தோட்டத்துக்கு 40க்கும் 50க்கும் இடையில் நின்றுகொள்வது என் வழக்கம்.

வாங்கும்போது கடைக்காரரின் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். நான் முதன்முதலில் 40 என்று நம்பி வாங்கி வந்த வலையை, வீட்டுக்கு வந்து அளவுகோலை வைத்து, கைப்பேசியில் பெரிதாக்கிப் படமெடுத்து எண்ணியபோது அங்குலத்துக்கு இருபத்தாறு இழைகள்தான் இருந்தன. அந்த ஆண்டு முழுவதும் ஈக்கள் உள்ளே குடித்தனம் நடத்தின. இப்போதெல்லாம் அளவுகோலைப் பையில் போட்டுக்கொண்டுதான் கடைக்குப் போகிறேன்.

நாற்றுப் பருவத்திலேயே வலை தொடங்க வேண்டும் என்பது இதைவிட முக்கியமான செய்தி. செடி எவ்வளவு இளமையில் நோயைப் பெறுகிறதோ அவ்வளவு இழப்பு அதிகம். காய் பிடித்தபின் வந்தால் பாதிப் பலனாவது கிடைக்கும், நாற்றிலேயே வந்தால் ஒன்றும் கிடைக்காது. ஆகவே குழித்தட்டில் விதைத்த நாள் முதல் நடவுக்கு எடுக்கும் 25 அல்லது 30 நாள் வரை நாற்றுகளை வலைக்குள்ளேயே வையுங்கள். ஒரு பழைய அட்டைப்பெட்டியின் சட்டத்தின் மேல் இந்த வலையைச் சுற்றி ஒட்டினால் போதும், பெரிய செலவில்லை. நட்ட பிறகும் முதல் ஒன்றரை மாதம் தவறாமல் மூடிவையுங்கள். திறந்த வெளியில் வளர்ந்த நாற்றை நர்சரியிலிருந்து வாங்கிவந்து உயர்தர வலைக்குள் வைப்பது, திருடனை உள்ளே விட்டுக் கதவைத் தாழிடுவதாகும். இலையின் அடிப்பக்கத்தைப் புரட்டிப் பார்க்காமல் எந்த நாற்றையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

உள்ளே போகும் வாசலுக்கு இரண்டு திரைகள் ஒன்றின் மேல் ஒன்று படியுமாறு தொங்கவிடுங்கள். மஞ்சள் நிறம் வெள்ளை ஈயைக் கவரும் என்பதால், மஞ்சள் ஒட்டுப்பொறி அட்டை ஒன்றை உள்ளே கட்டிவைத்தால், எத்தனை ஈ நுழைந்தது என்று கணக்குத் தெரியும். அதே காரணத்தால் மஞ்சள் புடவையோடு உள்ளே போகாமல் இருப்பதும் நல்லது. வேடிக்கையாகத் தோன்றினாலும் வலைக்குடில்களில் வேலை செய்வோருக்கு உண்மையாகவே சொல்லப்படும் அறிவுரை இது. மாடியில் செம்பருத்தியோ கத்தரியோ இருந்தால் அவற்றிலும் ஈ தங்கும் என்பதால், வாரம் ஒரு முறை அவற்றின் இலையடியில் தண்ணீரைப் பீய்ச்சி, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து மாலையில் தெளித்துவாருங்கள்.

ஜெயநகர் வாசகர் ஒருவர்: வலை கட்டியும் என் செடியில் இலைகள் சுருள்கின்றன. பிடுங்கி எறிந்துவிடவா?

அவசரப்படாதீர்கள். எந்த இலை சுருள்கிறது என்று பாருங்கள். அடியில் உள்ள முதிர்ந்த இலைகள் நீளவாக்கில் மேல்நோக்கிக் குழல் போலச் சுருண்டு, தொட்டால் சற்றுத் தடித்துத் தோல் போலிருந்து, குருத்து மட்டும் இயல்பான பச்சையுடன் வளர்ந்துகொண்டிருந்தால், அது நோயன்று. வெயிலும் தண்ணீர்க் குறைவும் அளவுக்கு மீறிய கிளை கழிப்பும் தாங்காமல் செடி தன் ஈரத்தைக் காத்துக்கொள்ளும் முறை. அதனால் விளைச்சல் பெரிதாகக் குறைவதில்லை. குருத்தும் இளம் இலைகளும் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, கணுக்கள் நெருங்கி, செடியின் உச்சி பூங்கொத்து போலக் குவிந்து நின்றால் அது இலைச்சுருள் நோய். நீங்கள் அனுப்பிய படத்தில் அடி இலைகள்தான் சுருண்டிருக்கின்றன. காலையில் நன்றாகத் தண்ணீர் விட்டு, பையின் மேல் காய்ந்த இலைகளை மூடாக்காகப் பரப்பிப் பத்து நாள் பொறுத்துப் பாருங்கள்.

ராமமூர்த்தி நகர் வாசகி ஒருவர்: உங்கள் வரியைப் படித்துப் பூச்சித் தடுப்பு வலை கட்டினேன். நோய் வரவில்லை. ஆனால் கொத்துக் கொத்தாகப் பூத்தும் பிஞ்சு பிடிக்கவில்லை. வலை தேனீயையும் தடுத்துவிட்டதாக என் மாமியார் சொல்கிறார்.

உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தக்காளிப் பூவிலேயே ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்திருப்பதால், அது தன் மகரந்தத்தைக் கொண்டே காய்க்கக்கூடியது. வேறு பூவிலிருந்து யாரும் கொண்டுவரத் தேவையில்லை. ஆனால் அந்த மகரந்தம், ஒன்றோடொன்று ஒட்டிக் கூம்பு போலிருக்கும் மகரந்தப் பைகளுக்குள்ளே இருக்கிறது. பூ அதிர்ந்தால்தான் அது உதிர்ந்து சூல்முடியில் விழும். திறந்த வெளியில் காற்று அந்த வேலையைச் செய்கிறது. நாம் தேன் எடுக்கும் தேனீக்கு இப்படிப் பூவை அதிரவைக்கும் வித்தை தெரியாது. கருவண்டு என்று நாம் சொல்லும் தச்சுத் தேனீயும் நீலவரித் தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு உடலை ரீங்காரமாக அதிரச்செய்து மகரந்தத்தைக் கொட்டவைக்கும். நெருக்கமான வலைக்குள் காற்றும் இல்லை, இவையும் இல்லை.

எனவே அந்தப் பொறுப்பு உங்களுடையதாகிறது. காலை பத்து மணியளவில், பனி ஈரம் காய்ந்தபின், பூங்கொத்தின் காம்பை விரலால் இரண்டு தட்டுத் தட்டுங்கள். செடியைக் கட்டியிருக்கும் கயிற்றைச் சுண்டினாலும் போதும். மின்சாரப் பல்துலக்கி ஒன்று பழையதாகக் கிடந்தால் அதன் பின்புறத்தைக் காம்பில் ஒரு நொடி வைத்தால் மஞ்சள் பொடி பறப்பதை நீங்களே பார்க்கலாம். பேரப்பிள்ளைகளுக்கு இந்த வேலையைக் கொடுத்தால் ஒரு நாள்கூட மறக்கமாட்டார்கள். பூக்கும் காலத்தில் இரண்டு நாளுக்கு ஒரு முறையாவது செய்யுங்கள். மழை நாளில் காற்றின் ஈரத்தால் மகரந்தம் கட்டிக்கொள்வதால் அன்று தட்டிப் பயனில்லை.

பாணஸ்வாடி வாசகி ஒருவர்: சென்னையில் இருக்கும் என் அக்காவுக்கும் எனக்கும் ஒரே விதை, ஒரே வலை. ஏப்ரலிலும் மே மாதத்திலும் எனக்குக் காய்க்கிறது, அக்காவுக்குப் பூ உதிர்கிறது. அக்கா நான் எதையோ மறைப்பதாக நினைக்கிறார்.

நீங்கள் மறைக்கவில்லை என்பதற்கு நான் சாட்சி. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதே உங்களுக்குள் இருக்கும் வேறுபாடு. தக்காளிக்குப் பகலில் 21 முதல் 29 டிகிரியும் இரவில் 15 முதல் 20 டிகிரியும் மிக உகந்தவை. பகல் 32 முதல் 35 டிகிரியைத் தாண்டும்போது மகரந்தம் வீரியம் இழக்கத் தொடங்குகிறது. இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை என்றால் பூ பெரும்பாலும் உதிர்ந்துவிடும். இங்கு ஏப்ரல் பகல் சராசரி 34 டிகிரியை ஒட்டி நின்றாலும் இரவு 22க்கு இறங்கிவிடுகிறது. 2016 ஏப்ரல் 24 அன்று 39.2 டிகிரி பதிவானது போன்ற நாள்கள் விதிவிலக்கு. சென்னையில் மே மாதத்து இரவு 27, 28 டிகிரியிலேயே நின்றுவிடும். வலை பகலின் வெயிலைக் குறைக்கும். இரவைக் குளிர்விக்க அதனால் முடியாது. அக்காவை ஆகஸ்ட் கடைசியில் விதைத்து, மழைக்குமேல் மார்கழி, தை மாதங்களில் அறுவடை செய்யச் சொல்லுங்கள். அப்போது அவர் உங்களுக்குப் பழம் அனுப்புவார்.

கோரமங்களா வாசகர் ஒருவர்: ஏப்ரலில் பழங்கள் சிவக்காமல் மஞ்சளும் ஆரஞ்சுமாக நிற்கின்றன.

பழத்துக்குச் சிவப்பைத் தரும் லைக்கோபீன் என்னும் நிறமி 30 டிகிரிக்கு மேல் சரியாக உருவாவதில்லை. மஞ்சள் நிறமி மட்டும் தொடர்ந்து உருவாகும். காயின் நுனியில் இளஞ்சிவப்புத் தட்டியதுமே பறித்து, வீட்டுக்குள் நிழலான தட்டில் பரப்பிவைத்தால் நான்கைந்து நாளில் நன்றாகச் சிவக்கும். குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள்.

மல்லேஸ்வரம் வாசகி ஒருவர்: தமிழ்நாட்டில் 'பெங்களூர் தக்காளி' என்று ஒன்றைத் தனியாகச் சொல்கிறார்கள். பெங்களூரிலேயே இருக்கும் நான் எந்த வகையை வலைக்குள் வைப்பது? ரசத்துக்கு ஆகிற தக்காளி வேண்டும்.

தமிழ்நாட்டுச் சந்தையில் பெங்களூர் தக்காளி என்பது, தோல் தடித்து, நீள்வாக்கில் கெட்டியாக, லாரியில் ஏற்றினாலும் நசுங்காத ஒட்டுரகங்களுக்கு (ஹைப்ரிட்) வழங்கும் பொதுப்பெயர். புளிப்பு அதில் குறைவு. ரசத்துக்குச் சாறும் புளிப்பும் மிகுந்த நாட்டுத் தக்காளியையே நம் சமையலறை தேடும். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.1 அந்தச் சுவைக்கு நெருக்கமானது. தட்டையான உருண்டை, காம்பை ஒட்டிய தோளில் பச்சை, நிறைந்த சாறு. ஆனால் அதற்கு இலைச்சுருள் நோயைத் தாங்கும் ஆற்றல் இல்லை என்பதால் அதை வலைக்குள் மட்டுமே நம்பி வைக்கலாம்.

வலையைப் பேணச் சோம்பல்படுவோருக்கு நம் ஊருக்குப் பக்கத்திலேயே வேறு விடை இருக்கிறது. ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அர்கா ரக்‌ஷக் என்னும் ஒட்டுரகம் இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் ஆகிய மூன்றையும் தாங்கக்கூடியது. பழம் ஒவ்வொன்றும் 90 முதல் 100 கிராம் வரும். நிறுவனத்தின் விதைகளை இணையவழியிலும் வாங்கலாம். ஒட்டுரகம் என்பதால் பழத்திலிருந்து விதை எடுத்து அடுத்த ஆண்டுக்கு வைத்தால் அதே குணம் வராது. ஜி.கே.வி.கே. வளாகத்து வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட சங்கராந்தி, நந்தி, வைபவ் ஆகியவையும் இலைச்சுருளைத் தாங்குபவை. இவை ஒட்டு அல்லாத ரகங்கள் என்பதால், எங்காவது கிடைத்தால் விதை எடுத்துவைக்கலாம். என் மாடியில் இரண்டு பை ரக்‌ஷக், சாம்பாருக்கு. இரண்டு பை பி.கே.எம்., ரசத்துக்கு. இந்தப் பங்கீட்டில் வீட்டில் இதுவரை சண்டை வரவில்லை.

ஸ்ரீராமபுரம் வாசகர் ஒருவர்: 2024 கோடையில் தோட்டத்துக்குக் குடிநீர் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்ததிலிருந்து தண்ணீரை மிகவும் சிக்கனமாக, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை மொத்தமாக விடுகிறேன். காயின் அடிப்பாகம் கறுத்து அழுகுகிறது. முட்டை ஓட்டைப் பொடித்துப் போட்டும் நிற்கவில்லை.

முட்டை ஓடு மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும். இந்தப் பருவத்துக் காய்க்கு அது உதவாது. அடி கறுப்பது காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. ஆனால் பெரும்பாலான தோட்டங்களில், குறிப்பாக உப்புச் செறிந்த ஆழ்துளைக் கிணற்று நீர் விடும் நம் ஊரில், மண்ணில் சுண்ணாம்புக்குக் குறைவில்லை. அந்தச் சத்து தண்ணீரோடு மட்டுமே செடிக்குள் பயணம் செய்யும் என்பதால், மண் இரண்டு நாள் காய்ந்து ஒரு நாள் வெள்ளமாகும்போது பயணம் தடைபடுகிறது. ஆகவே மொத்தமாக விடும் அதே தண்ணீரைப் பிரித்துத் தினமும் காலையில் கொஞ்சமாக விடுவதே மருந்து. நிழல்வலைக்குள் இருக்கும் பைக்குத் தண்ணீர்த் தேவையும் குறைகிறது; அதன் மேல் மூன்று விரற்கடை மூடாக்கும் போட்டால் இன்னும் குறையும். பையின் கொள்ளளவு 15 லிட்டருக்குக் குறைந்தால் என்ன செய்தாலும் இந்தத் தொல்லை தீராது. அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய நீர் தாராளமாக ஆகும். நீர் சுத்திகரிப்புக் கருவி கழித்துவிடும் நீரில் உப்பு அதிகம் என்பதால் அதை மட்டுமே விடாமல் நல்ல நீரோடு பாதிக்குப் பாதி கலந்து விடுங்கள்.

பொம்மனஹள்ளி வாசகர் ஒருவர்: சென்ற மே மாதத்துப் புயற்காற்றில் வலை கிழிந்து பறந்துவிட்டது. எப்படிக் கட்டுவது?

உங்களுடையது கிழிந்து போனதோடு முடிந்தது. எங்கள் வீட்டு வலை குழாயோடு எழுந்து, பக்கத்து மாடியில் வெயிலில் தண்ணீர் சுடவைக்கும் சூரியக் கொதிகலனின் கண்ணாடிக் குழாய்களின் மேல் போய் இறங்கியது. அந்த வீட்டுக்காரர் மிக நல்லவர் என்பதால் இன்றும் பேசிக்கொள்கிறோம். நிழல்வலையில் கண்கள் இருந்தாலும் பலத்த காற்றுக்கு அது பாய்மரம்தான். பெங்களூரில் ஏப்ரல், மே மாதங்களில் மாலை மூன்று மணிக்கு மேல் மேகம் திரண்டால், காற்றும் சில வேளை ஆலங்கட்டியும் சேர்ந்துதான் வரும். ஆகவே ஒரு முனையில் நிலையாகவும் மறுமுனையில் வளையத்தில் ஓடுமாறும் கட்டி, மேகத்தைக் கண்டதும் ஒரே இழுப்பில் சுருட்டுமாறு வைத்துக்கொள்ளுங்கள். குழாய்களின் அடியைச் சிமெண்டு நிரப்பிய வாளியில் நட்டால் தளத்தைத் துளைக்க வேண்டியதில்லை. வாடகை வீட்டுக்காரர்களுக்கு இது முக்கியம். ஆலங்கட்டியைத் தாங்குவதற்குப் பூச்சி வலை நன்றாகவே உதவும்.

அத்திப்பள்ளி வாசகர் ஒருவர்: அரை ஏக்கர் நிலம் இருக்கிறது. பசுமைக்குடில் அமைப்பதா, நிழல்வலைக் குடில் போதுமா? ஒரே பயிராகத் தக்காளியே வைக்க எண்ணம்.

இந்தத் தட்பவெப்பத்துக்கு, மேலே பாலித்தீன் போர்த்திய முழுப் பசுமைக்குடில் கோடையில் அடுப்பாகும். பக்கங்கள் நாற்புறமும் 40 மெஷ் வலையாகவும், உயரம் குறைந்தது பத்தடியாகவும் இருக்கும் வலைக்குடில் செலவிலும் குறைவு, காற்றோட்டத்திலும் மேல். ஜூலை முதல் அக்டோபர் வரை மழையில் இலை நனைந்து பின்பருவக் கருகல் நோய் பரவும் காலத்தில் மட்டும் கூரைக்குப் பாலித்தீன் போட்டு, மழை முடிந்ததும் எடுத்துவிடுவோர் உண்டு. ஒருங்கிணைந்த தோட்டக்கலை வளர்ச்சி இயக்கத்தின் கீழ் இதற்கு 50 சதவீத மானியம் உண்டு. கட்டிமுடித்தபின் கேட்டால் கிடைக்காது என்பதால் முதலில் தோட்டக்கலைத் துறையில் விண்ணப்பியுங்கள்.

என் கவலை குடிலைப் பற்றியது அன்று, 'ஒரே பயிர்' என்ற உங்கள் சொல்லைப் பற்றியது. நிலையான குடிலுக்குள் ஆண்டுக்கு ஆண்டு தக்காளியையே நட்டால், மண்ணில் பாக்டீரியா வாடலும் வேர்முடிச்சு நூற்புழுவும் தங்கிவிடும். வலை மேலே வருவதைத்தான் தடுக்கும், கீழே இருப்பதை அன்று. பச்சையாக இருக்கும்போதே ஒரு செடி பகலில் திடீரென்று வாடினால், அடித்தண்டை வெட்டி ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் தொங்கவிடுங்கள். பால் போன்ற இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அத்தகைய மண்ணுக்குக் கத்தரி வேர்த்தண்டின் மேல் ஒட்டுக்கட்டிய தக்காளி நாற்று நல்ல விடை. இடையிடையே சோளம், செண்டுமல்லி என்று மாற்றிப் பயிரிடுவதும் அவசியம். விலையையும் நினைவில் வையுங்கள்: 2023 ஜூலையில் கோலார் சந்தையில் 15 கிலோ பிடிக்கும் பெட்டி ஒன்று 2,000 ரூபாயைத் தாண்டியது, அதே கோலாரில் பறித்த கூலிக்குக்கூட விலை வராமல் சாலையோரம் கொட்டிய ஆண்டுகளும் உண்டு.

எலெக்ட்ரானிக் சிட்டி வாசகி ஒருவர்: வலைக்குள் பூச்சியே வராது என்று நினைத்தேன். இலைகளின் மேல் நுண்ணிய வெளிர்ப்புள்ளிகள் விழுந்து, பிறகு வெண்கல நிறமாகி உதிர்கின்றன. அடியில் மெல்லிய நூலாம்படை தெரிகிறது.

அது செஞ்சிலந்திப் பேன். வலையின் கண்களைவிடச் சிறியது என்பதால் தடுக்க முடியாது. நம் உடையில் ஒட்டியும் நாற்றோடும் உள்ளே வரும். வெப்பமும் வறட்சியும் காற்றில்லாமையும் அதற்கு உகந்தவை. அதைத் தின்னும் பொறிவண்டு முதலியவற்றை வலை வெளியிலேயே நிறுத்திவிடுவதால், திறந்த வெளியைவிட வலைக்குள்தான் அது விரைவாகப் பெருகும். நன்மை செய்யும் பூச்சிகளையும் சேர்த்தே பூட்டுகிறோம் என்பது வலையின் குறை. அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். தாக்கிய இலைகளைக் கிள்ளி அப்புறப்படுத்தி, மூன்று நாளுக்கு ஒரு முறை காலையில் இலையடியில் வேகமாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். பெரும்பாலும் இதிலேயே அடங்கும். அடங்காவிட்டால் நனையும் கந்தகத்தூளை லிட்டருக்கு 2 கிராம் கலந்து மாலையில் தெளிக்கலாம். வேப்பெண்ணெய் தெளித்து இரண்டு வாரம் ஆகாமல் கந்தகத்தைத் தொடாதீர்கள். கடுவெயில் நாளிலும் வேண்டாம், இலை கருகிவிடும்.

ஹெப்பால் வாசகர் ஒருவர்: பூச்சி வலையைக் கழற்றித் துவைக்கலாமா? எத்தனை ஆண்டு உழைக்கும்?

துவைக்கலாம் என்பதோடு, துவைத்தே ஆக வேண்டும். எந்தத் தெருவிலும் ஒரு கட்டடமாவது எழும்பிக்கொண்டிருக்கும் இந்த ஊரில், மூன்று மாதத்தில் சிமெண்டுத் தூசி கண்களை அடைத்து, காற்றையும் வெளிச்சத்தையும் குறைத்துவிடும். இருந்த இடத்திலேயே உள்ளிருந்து வெளிப்புறமாகத் தண்ணீரைப் பீய்ச்சினால் பெரும்பகுதி போய்விடும். தேய்த்தால் இழை நகர்ந்து கண் பெரிதாகும். புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி செய்த வலை மூன்று முதல் ஐந்து ஆண்டு உழைக்கும். விரலால் அழுத்தினால் இழை பொடிந்தால் அதன் காலம் முடிந்தது. அதுவரை கிழிசலை மீன்வலை தைப்பது போல நைலான் நூலால் தைத்துக்கொள்ளலாம்.